பழைய அரசியல் பதிவுகளும் புதிய வேலை விண்ணப்பமும்: அழிப்பதா, அப்படியே விடுவதா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் நான்கு ஆண்டுகளாக ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். இப்போது இரண்டு வாய்ப்புகள் ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன. ஒன்று மத்தியப் பொதுத்துறை நிறுவனம். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முடிந்து, வேலையில் சேருமுன் நம் பின்னணியைக் கேட்கும் சான்றுறுதிப் படிவம் கைக்கு வந்துவிட்டது. மற்றொன்று தனியார் மென்பொருள் நிறுவனம்.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது நான் இரண்டாம் ஆண்டு மாணவன். முடக்கப்பட்ட இணையம் எங்கள் மாவட்டத்துக்குத் திரும்பிய அன்று, இறந்த 13 பேரின் பெயர்களையும் முகநூலில் வரிசையாக எழுதி, அவற்றின் கீழே அன்றைய மாநில அரசையும் காவல்துறையையும் மிகக் கடுமையான சொற்களில் சாடியிருந்தேன். அது நானூறு முறைக்கு மேல் பகிரப்பட்டது. அதன்பின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், நீட் தேர்வு, வேளாண் சட்டங்கள் என்று பலவற்றைப் பற்றியும் எழுதினேன். எல்லாமே இன்றும் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன.

தனியார் நிறுவனத்தின் கடைசிச் சுற்றில், சம்பளம் பேசி முடித்த பிறகு, எதிரில் இருந்தவர் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "முகநூலில் நிறைய எழுதுவீர்கள் போலிருக்கிறதே" என்றார். நான் சிரித்து வைத்தேன்; அவரும் சிரித்தார். பதினாறு நாள்கள் ஆகிவிட்டன, ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. பழைய பதிவுகளை அழித்துவிடுவதா? அழித்தால் அதுவே குற்ற உணர்வுபோலத் தெரியுமா? அரசுப் படிவத்தில் இதைப் பற்றி ஏதாவது எழுத வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆளெடுப்பவன் எழுதியது:

நண்பரே, பன்னிரண்டு ஆண்டுகளாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். உள்ளே நடப்பதை அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன்.

பின்னணிச் சரிபார்ப்பு என்று நாங்கள் வெளி நிறுவனத்திடம் கொடுப்பது பெரும்பாலும் படிப்புச் சான்று, முந்தைய வேலை, முகவரி, நீதிமன்ற வழக்கு ஆகியவற்றைத்தான். சமூக ஊடகச் சரிபார்ப்பையும் தனிச் சேவையாக விற்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் என்பதால் மேல்நிலைப் பதவிகளுக்கு மட்டுமே அதை வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு வினையாவது அந்த முறையான சோதனை அன்று. குழுத் தலைவர் இரவு பத்து மணிக்கு வீட்டில் அமர்ந்துகொண்டு உங்கள் பெயரைத் தேடுபெட்டியில் தட்டிப் பார்ப்பதுதான் வினை.

ஒருமுறை இரண்டு இடங்களுக்குப் பதினொரு பேர் கடைசிவரை வந்திருந்தார்கள். தொழில்நுட்ப மதிப்பெண்ணில் மூன்று பேருக்குள் வேறுபாடே இல்லை. மறுநாள் காலையில் மேலாளரிடமிருந்து எனக்கு வாட்ஸப்பில் ஒரு திரைப்பிடிப்பு வந்தது. மூவரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சித் தலைவரை ஒருமையில் திட்டி எழுதியிருந்த பின்னூட்டம் அது. படத்துக்குக் கீழே மேலாளர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார், வேறொன்றும் எழுதவில்லை. மதிப்பீட்டுத் தாளில் அந்த இளைஞரின் பெயருக்கு எதிரே நான் "குழுவோடு பொருந்துவது ஐயம்" என்று எழுதினேன். அரசியல் என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை. அவர் தொலைபேசியில் காரணம் கேட்டபோது, "இம்முறை போட்டி கடுமை" என்றேன். அது பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. அந்த நிறுவனத்தில் இப்போது நான் இல்லை.

நாங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், கருத்தைப் பார்ப்பதில்லை, அதைச் சொன்ன தொனியைத்தான் பார்க்கிறோம் என்பது. பாதி உண்மைதான். வசைச் சொல், சாதி இழிவு, பெண்களைக் கேவலப்படுத்துவது, பழைய முதலாளியைப் பெயர் சொல்லித் தூற்றுவது ஆகியவற்றைக் கண்டால் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் தள்ளிவிடுவோம். மீதிப் பாதி என்னவென்றால், மேலாளரின் கருத்தோடு ஒத்துப்போகும் பதிவு அவர் கண்ணுக்கு அரசியலாகவே தெரிவதில்லை. ஒத்துப்போகாததைத்தான் அவர் "ரொம்ப அரசியல் பேசுகிறவர்" என்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகநூலைப் பற்றி அஞ்சுகிறவர்கள் லிங்க்ட்இன்னில் அசட்டையாக இருக்கிறார்கள். அங்கே ஒரு அரசியல் பதிவுக்கு நீங்கள் விருப்பம் தெரிவித்தால், உங்களைத் தொடர்பில் வைத்திருக்கும் ஆளெடுப்பவரின் பக்கத்தில் அது உங்கள் பெயரோடு வந்து நிற்கும். அவர் தேடிப் போகவே வேண்டியதில்லை.

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

தனியாரைப் பற்றி மேலே அவர் சொன்னதில் சட்டம் நுழைய இடமே இல்லை. அரசியல் கருத்துக்காக ஒருவரை வேலைக்கு எடுக்க மறுக்கக் கூடாது என்று தனியார் நிறுவனங்களைப் பொதுவாகக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. அரசமைப்பின் 14, 16, 19 ஆகிய பிரிவுகள் அரசுக்கு எதிராகத்தான் கைகொடுக்கும். பொதுத்துறை நிறுவனமும் அந்தக் கணக்கில் அரசுதான். ஆகவே உங்கள் பொதுத்துறை வாய்ப்பில் நீங்கள் உண்மையில் கூடுதல் பாதுகாப்போடு இருக்கிறீர்கள். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, அரசு வேலைதான் போய்விடும் என்று நடுங்குகிறார்கள்.

பதிவு வேறு, வழக்கு வேறு. கருத்தை எழுதியதற்காகவே கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீக்கிவிட்டது. ஆனால் குழுக்களிடையே பகைமை மூட்டுதல், வதந்தி பரப்புதல் ஆகிய பிரிவுகள் அன்றும் இருந்தன, இன்றும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகளாக இருக்கின்றன. ஒரு பதிவுக்காக முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டால், அதன்பின் காவல்துறைச் சரிபார்ப்பு நிற்பது உங்கள் கருத்தின் மேல் அன்று, அந்த வழக்கின் மேல்.

சான்றுறுதிப் படிவத்தில், நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது வழக்குத் தொடரப்பட்டதா, பிணைப்பத்திரம் எழுதி வாங்கப்பட்டதா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். தவறான தகவலோ மறைப்போ தகுதியிழப்புக்கு வழி செய்யும் என்ற எச்சரிக்கை படிவத்தின் தலையிலேயே இருக்கும். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களிடம் வரும் வழக்குகளில் பெரும்பாலானவை, சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காத சிறு வழக்கை மறைத்ததால் வேலையை இழந்தவர்களுடையவை. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு நெறி வகுத்தது. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்ன பிறகும் முன்வரலாற்றை எடைபோடும் உரிமை முதலாளிக்கு உண்டு. ஆனால் இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால்கூட அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். முழக்கமிட்டது என்பது நான் சேர்த்த எடுத்துக்காட்டு அன்று, தீர்ப்பிலேயே உள்ளது.

வழக்கே இல்லாமல் கருத்தை மட்டும் வைத்து மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சிப் பள்ளியை அரசு ஏற்றபோது அரசுப் பணிக்குள் வந்த ஆசிரியர் ஒருவரை, அவர் முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டார் என்ற காவல்துறை அறிக்கையைக் கொண்டு பணிநீக்கம் செய்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, பணிக்கு வருவதற்கு முந்தைய அரசியல் ஈடுபாட்டைக் காட்டி ஒருவரை அரசு வேலையிலிருந்து ஒதுக்குவது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று அரசின் மனுவைத் தள்ளினார். அந்த அமைப்பைப் பற்றி உங்கள் கருத்து என்னவாக இருந்தாலும், உங்களுக்கு இன்று உதவக்கூடியது அந்தத் தீர்ப்புதான்.

காவல்துறைப் பணிக்கான அளவுகோல் இதைவிடக் கடுமையானது. அது உங்களுக்குத் தேவையில்லை என்பதால் விடுகிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஒரு செய்தியை முதலில் சொல்லத் தயங்கினேன். அந்தப் பதிவு பரவிய மறுவாரம் காவல் நிலையத்திலிருந்து அப்பாவை அழைத்தார்கள். நான் கூடப் போனேன். உதவி ஆய்வாளர் பதிவைத் தம் கைப்பேசியில் காட்டி, "படிக்கிற பையன், எதற்கு இது" என்று கேட்டார். அப்பா ஒரு தாளில் கையெழுத்திட்டார். என்னைக் கைது செய்யவில்லை. ஆனால் அந்தத் தாள் என்ன என்று எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் நினைவில்லை. "படித்துப் பார்க்கிற நிலையிலா அன்றைக்கு இருந்தோம்" என்கிறார். படிவத்தில் இதற்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான், தம்பி. அந்தத் தாள் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். வெறும் விசாரணை வாக்குமூலம் அல்லது மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., என்றால் அது வழக்கு அன்று. படிவத்தின் எந்தக் கேள்விக்கும் அது விடையாகாது. முதல் தகவல் அறிக்கை என்றால், 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின் உணர்வுபூர்வமான சில வகை வழக்குகள் நீங்கலாக மற்றவை காவல்துறை இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. ஆண்டையும் நிலையத்தையும் கொடுத்துத் தேடிப் பாருங்கள். மூன்றாவது வகையைத்தான் பலர் கவனிப்பதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில், கோட்டாட்சியர் முன்னிலையில் அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். "நூற்றேழு போட்டார்கள்" என்று ஊரில் சொல்வது இதைத்தான். படிவத்தில் பிணைப்பத்திரம் பற்றிக் கேட்கும் கட்டம் இதற்குரியது. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அன்று போனீர்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். போகவில்லை என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ஆனாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த நிலையத்துக்கு ஒரு மனு போட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிப் போராட்டத்தில் வழக்குக்கு உள்ளானவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு குறிப்பு. துப்பாக்கிச்சூட்டை விசாரித்த, ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பின், 2021 மே மாதத்தில் மாநில அரசு பெரும்பாலான வழக்குகளைத் திரும்பப் பெற்றது. மேற்படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று வழங்கப்படும் என்றும் அறிவித்தது. அந்தச் சான்றை இன்னும் வாங்காதவர்கள் வாங்கிவிடுங்கள். வழக்கு திரும்பப் பெறப்பட்டாலும், "வழக்கு இருந்ததா" என்று படிவம் கேட்டால், இருந்தது, திரும்பப் பெறப்பட்டது என்றுதான் எழுத வேண்டும்.

கருவூலத்தார் எழுதியது:

தம்பிக்கு வாழ்த்துகள். நான் மாநில அரசில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சரிபார்ப்பு அறிக்கைகள் என் மேசை வழியாகச் சென்றிருக்கின்றன. பத்துக்கு ஒன்பது அறிக்கைகளில், "பாதகமாக ஏதும் இல்லை" என்ற ஒரே வரிதான் இருக்கும். காவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவார், காப்பி குடித்துவிட்டுப் போவார். அவருக்கு முகநூலைப் புரட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது?

நீங்கள் அஞ்ச வேண்டியது வேலையில் சேர்ந்த மறுநாளிலிருந்துதான். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 5ஆம் விதி கட்சி அரசியலிலிருந்து விலக்குகிறது, 9ஆம் விதி அரசை விமர்சிப்பதைத் தடுக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இதை ஒட்டிய விதிகள் உண்டு. திரிபுராவில் ஓய்வுபெற இருந்த ஓர் அரசு ஊழியர் ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் போனதற்காகவும் முகநூலில் எழுதியதற்காகவும் நடவடிக்கைக்கு உள்ளானபோது, அரசு ஊழியர் என்பதாலேயே பேச்சுரிமை அற்றுப்போகாது என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதற்காக நீதிமன்றம்வரை ஏறி இறங்கியவர் அவர். தகுதிகாண் பருவத்தில் இருக்கும் இளைஞனுக்கு அந்த வசதி கிடையாது. அந்த இரண்டாண்டும் வாட்ஸப் நிலைத்தகவலில்கூடப் பொங்கல் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரிசல்மகள் எழுதியது:

பெரியவர்கள் எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் கூட்டிப் பார்த்தால் "வாயை மூடு" என்பதுதான் மிஞ்சுகிறது. யார் வாயை மூட வேண்டியிருக்கிறது என்பதையும் பேசுவோம். என் கணக்கில் பல ஆண்டுகளாக முகப்புப் படம் அம்பேத்கர். ஒரு நேர்காணலில் அதைச் சுட்டி, "நீங்கள் ஆக்டிவிஸ்டா?" என்று கேட்டார்கள். அதே அறையில் இருந்த ஒருவரின் கைப்பேசி மேலுறையில் ஒரு கட்சியின் சின்னம் ஒட்டியிருந்தது. அது யாருக்கும் அரசியலாகப் படவில்லை. ஆளெடுப்பவன் அண்ணன் சொன்ன அந்த "மீதிப் பாதி" எங்களைப் போன்றவர்களுக்குத்தான் முழுதாகவே வந்து சேர்கிறது.

கருவூலத்தார் ஐயா சொல்லும் காப்பி குடிக்கும் காவலர் காலமும் மாறி வருகிறது. 2021 பிப்ரவரியில் பீகார் காவல்துறை, சட்டம் ஒழுங்குப் போராட்டங்களில் குற்றச்செயலுக்காகக் குற்றப்பத்திரிகை தாக்கலானால் அது சரிபார்ப்பு அறிக்கையில் ஏறும், அரசு வேலையும் கடவுச்சீட்டும் கிடைப்பது கடினமாகும் என்று ஆணையிட்டது. அதே மாதம் உத்தரகாண்ட் காவல்துறைத் தலைவர், கடவுச்சீட்டுச் சரிபார்ப்பில் விண்ணப்பதாரரின் சமூக ஊடக நடத்தையும் பார்க்கப்படும் என்றார். அங்கே நடப்பது இங்கே வராது என்று நான் இருந்துவிட மாட்டேன்.

பொருநைக்கரை, நீங்கள் அந்தப் பெயர் வரிசையை அழிக்காதீர்கள். வசைச் சொற்களை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்.

ஆளெடுப்பவன் எழுதியது:

சகோதரி சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் கைப்பேசி மேலுறை போன்றவற்றை நானும் பல அறைகளில் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்திருக்கிறேன்.

ஷார்ஜாவாசி எழுதியது:

வளைகுடாவுக்கு வர எண்ணுபவர்களுக்கு ஒரு சொல். இங்கே கருத்துரிமை பற்றிய விவாதமே எழாது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, மத வெறுப்புப் பதிவுகள் எழுதிய இந்தியர்கள் சிலர் அமீரகத்தில் அடுத்தடுத்து வேலை இழந்தார்கள். இந்தியத் தூதர் பவன் கபூரே, பாகுபாடு நம் அறநெறிக்கும் சட்டத்தின் ஆட்சிக்கும் எதிரானது என்பதை இந்தியர்கள் மறக்கக் கூடாது என்று எழுத வேண்டி வந்தது. வேலை போனால் குடியிருப்பு அனுமதியும் போகும், பிள்ளைகளின் பள்ளியும் போகும். ஊரில் இருக்கும் நண்பர் அனுப்பியதை யோசிக்காமல் பகிர்ந்தவர்களும் அதில் உண்டு. நான் அவர்களுக்காக இரங்கவில்லை, எழுதியது வெறுப்புதான். பகிர்வதும் எழுதுவதும் இங்கே ஒன்றே என்பதை மட்டும் சொல்கிறேன்.

பனிக்காலப் பறவை எழுதியது:

நியூ ஜெர்சியில் இருந்து எழுதுகிறேன். அமெரிக்க வேலையை மனத்தில் வைத்திருப்பவர்கள், அழித்துவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். 2019 முதல் விசா விண்ணப்பத்திலேயே கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்களைக் கேட்கிறார்கள். 2025 ஜூனில் மாணவர் விசாவுக்கும், அந்த ஆண்டு டிசம்பர் 15 முதல் எச்1பி வேலை விசா, அவர்களின் குடும்பத்தாருக்கான எச்4 விசா விண்ணப்பதாரர்களுக்கும், கணக்குகளைப் பொதுவெளியில் திறந்து வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. டிசம்பரில் விசா முத்திரை வாங்க ஊருக்குப் போன பலரின் நேர்காணல்கள் மாதக் கணக்கில் தள்ளிப்போயின. என் தோழி ஒருத்தி கைக்குழந்தையோடு சேலத்தில் மாட்டிக்கொண்டாள். அவள் கணக்கில் இருந்தவை சமையல் குறிப்புகள்தாம். ஆனாலும் பூட்டை அவிழ்த்துவிட்டு மூன்று இரவுகள் உட்கார்ந்து, கல்லூரிக் காலத்தில் யார் யாருக்கு விருப்பம் போட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இங்கே வெளி நிறுவனம் தயாரித்த பின்னணி அறிக்கையை வைத்து வேலை மறுப்பதாக இருந்தால், மறுப்பதற்கு முன்பே அந்த அறிக்கையின் நகலை நம்மிடம் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் அப்படிக் கேட்டு வாங்க முடியுமா, வழக்கறிஞர் ஐயா?

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

கேட்டுப் பார்க்கலாம், அம்மா, வற்புறுத்த முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பலரும் இதற்கு நம்புகிறார்கள். அதன் 3ஆம் பிரிவைப் படித்தால் நம்பிக்கை போய்விடும். ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அங்கே எழுதியிருக்கிறது. அதற்குத் தந்திருக்கும் விளக்க எடுத்துக்காட்டே, சமூக ஊடகத்தில் தன் கருத்துகளை எழுதும் ஒரு பெண்ணைப் பற்றியதுதான். நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த பதிவை ஒருவர் திரைப்பிடிப்பு எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினால் வாதிட இடம் உண்டு. எவரும் காணத் திறந்து வைத்ததற்கு அந்த இடமும் இல்லை.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனதே இல்லை என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். காவல்துறைத் தளத்தில் என் பெயரில் எதுவும் இல்லை. வீட்டில் பழைய ரேஷன் அட்டை வைத்திருந்த நெகிழி உறையில் அம்மா ஒரு தாளைத் தேடி எடுத்தார். அது மனு ரசீதின் நகல். வழக்கறிஞர் ஐயா தனிச்செய்தியில் படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று எழுதலாம் என்றார். எழுதி அனுப்பிவிட்டேன். தகவல் உரிமை மனுவும் போட்டாயிற்று.

முகநூலில் பழைய பொதுப் பதிவுகளை எல்லாம் ஒரே சொடுக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி இருக்கிறது, அதைச் செய்துவிட்டேன். பிறகு மே 2018 பதிவை மட்டும் திறந்து, பெயர்களுக்குக் கீழே இருந்த பத்தியை நீக்கினேன். பதின்மூன்று வரிகளும் அப்படியே இருக்கின்றன. அதை மீண்டும் பொதுவெளியில் வைத்துவிட்டேன்.

தனியார் நிறுவனத்திலிருந்து நேற்று மின்னஞ்சல் வந்தது. "இம்முறை போட்டி கடுமையாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார்கள்.